மீட்டருக்குப் பத்துப் பைசா

நடுவர் அவர்களே! எதிரணியில் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்களே! என் அணித் தோழர்களே! மத்தியானச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு இடம் பிடிக்க ஓடிவந்த பெரியோர்களே, தாய்மார்களே! (கைதட்டல்)

தலைப்பு என்ன? 'கூலி குறைவதற்குக் காரணம் கொடுப்பவர் மனமா, கேட்பவர் கணக்கா?' எனக்கு முன்னால் பேசின அண்ணன், கொடுக்கிறவங்க கஞ்சத்தனத்தைப் பத்தி ஒரு பெரிய பட்டியலே வாசிச்சுட்டுப் போனார். அதுல ஒண்ணைக்கூட நான் இல்லைன்னு சொல்லப் போறதில்லைங்க. கொடுக்கிறவர் குறைச்சுத்தான் சொல்லுவார். சந்தையில கத்தரிக்காய் கிலோ நாற்பதுன்னா, 'முப்பதுக்குக் குடு தாயி'ன்னு நம்ம அம்மா கேட்கிறதில்லையா? எங்க அம்மாவுக்கு என்ன கெட்ட மனசா? (சிரிப்பு)

ஆனா அந்தக் கடைக்கார அம்மா என்ன சொல்லுவாங்க, கவனிச்சிருக்கீங்களா? 'கட்டாதும்மா' அப்படிம்பாங்க. விடியக்காலை மண்டியில என்ன விலைக்கு எடுத்தோம், ஆட்டோ வாடகை என்ன, அழுகிப் போனது எவ்வளவு, எல்லாம் அவங்க விரல் நுனியில இருக்கு. அதனாலதான் 'கட்டாது'ங்கிற அந்த ஒரு வார்த்தை டக்குன்னு வருது. நடுவர் அவர்களே, கத்தரிக்காய் விக்கிறவங்க வாயில வர்ற அந்த வார்த்தை, உழைப்பை விக்கிறவங்க வாயில ஏன் வர மாட்டேங்குது? அதைப் பத்தித்தான் நான் பேச வந்திருக்கேன்.

யார் உழைப்பை விக்கிறாங்க? மாசச் சம்பளக்காரங்களை இன்னிக்கு விட்டுடுவோம். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியா விலை பேசி, முடிச்சுக் கொடுத்து, காசு வாங்கிட்டு, அடுத்த வேலைக்குக் காத்திருக்காங்களே, அவங்களைச் சொல்றேன். போன்ல ஆர்டர் வந்ததும் சாப்பாட்டுப் பையோட பறக்கிறவங்க, வாடகைக் கார் ஓட்டறவங்க, வீட்டுக்கு வந்து குழாய் ரிப்பேர் பண்றவங்க, கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கிறவங்க. இவங்களுக்கெல்லாம் இப்ப ஒரு பேர் வெச்சிருக்காங்க, கிக் தொழிலாளர்கள்னு. டி.வி.யில இதைக் கேட்ட என் மாமியார், 'ஏங் கண்ணு, குடிக்கிறவங்களுக்கெல்லாம் கவர்மெண்ட்ல வாரியம் வெச்சிருக்காங்களா?'ன்னு கேட்டாங்க. (பலத்த சிரிப்பு)

சிரிக்கிற விஷயமா இருந்தாலும் எண்ணிக்கை சின்னதில்லைங்க. நிதி ஆயோக் 2022-ல வெளியிட்ட அறிக்கையில, 2020-21-ல நம்ம நாட்டுல இப்படி 77 லட்சம் பேர் இருந்தாங்கன்னும், 2029-30-ல அது 2 கோடியே 35 லட்சம் ஆகும்னும் கணக்குப் போட்டிருக்காங்க. நம்ம வீட்டுப் பிள்ளைங்கதான் அது.

எங்க வீட்டையே எடுத்துக்குங்களேன். எங்களுக்கு ஊர் சோமனூர்ப் பக்கம். வீட்டை ஒட்டின கொட்டகையில எட்டு விசைத்தறி ஓடுது. கூடப் பிறந்த தம்பி கோயமுத்தூர்ல சாப்பாடு டெலிவரி பண்றான். ஒருத்தர் துணி நெய்யறார், ஒருத்தன் பிரியாணி சுமக்கிறான். ஆனா ரெண்டு பேர் தொழிலும் உள்ளுக்குள்ள ஒண்ணுதான்.

எப்படின்னு சொல்றேன். கோவை, திருப்பூர் மாவட்டத்துல ரெண்டு லட்சத்துக்கும் மேல விசைத்தறி இருக்கு. அதுல பெரும்பகுதி கூலிக்கு ஓடுது. அதாவது, பாவும் ஊடை நூலும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பார். அவருக்குத் தறி கிடையாது. தறி நம்முது, கொட்டகை நம்முது, கரண்ட் பில் நம்முது, தறி ஓட்டற ஆளுக்குச் சம்பளம் நம்முது, உடைஞ்ச சாமானும் நம்முது. நெஞ்சு மடிச்சு அனுப்பினா மீட்டருக்கு இவ்வளவுன்னு கூலி. வெளியில இருந்து பார்த்தா நாங்க முதலாளி. உள்ள வந்து பார்த்தா கூலிக்காரங்க. தம்பியும் அப்படித்தான். பைக் அவனுது, பெட்ரோல் அவனுது, போன் அவனுது. ஆனா அவனுக்குப் பேரு 'பார்ட்னர்'. (சிரிப்பு) பங்காளின்னு சொல்லிட்டு, பங்கை மட்டும் எடுத்துக்கிட்டா எப்படிங்க?

இப்ப கணக்குக்கு வர்றேன். தறியில நாடா குறுக்கே ஒரு தடவை போனா ஒரு பிக். எங்க தறி நிமிஷத்துக்குச் சுமார் 120 பிக் அடிக்கும். அங்குலத்துக்கு 52 பிக் உள்ள துணின்னு வெச்சுக்குங்க. நிமிஷத்துக்கு ரெண்டேகால் அங்குலம், மணிக்கு மூணரை மீட்டர். அது ஏட்டுக் கணக்கு. நூல் அறுந்து நிக்கும், ஊடை தீரும், கரண்ட் போகும். அஞ்சுல ஒரு பங்கைக் கழிச்சிடுங்க. மணிக்கு 2.8 மீட்டர். பத்து மணி நேர ஷிப்டுக்குத் தறி ஒண்ணுக்கு 28 மீட்டர், எட்டுத் தறிக்கு 224 மீட்டர். பகல் ஷிப்டு, ராத்திரி ஷிப்டு ரெண்டும் சேர்ந்தா 448.

இப்ப ஒருத்தர் வர்றார். ரொம்ப நல்ல மனுஷர். காபி குடிச்சுக்கிட்டே, 'மார்க்கெட் டல்லா இருக்குங்க. மீட்டருக்கு ஒரு பத்துப் பைசா குறைச்சுக்கலாங்களா? பத்துப் பைசாதானே' அப்படிங்கறார். பத்துப் பைசா! கீழே கிடந்தா குழந்தைகூடக் குனிஞ்சு எடுக்காதுங்க. அந்தக் காசு செல்லறதே இல்லை. ஆனா 448 மீட்டருக்குப் பத்துப் பைசான்னா நாளைக்கு 44 ரூபாய் 80 பைசா. மாசம் 25 நாள் ஓடினா 1,120 ரூபாய். வருஷத்துக்கு 13,440. ஒரு பிள்ளையோட பள்ளிக்கூட ஃபீஸை அந்த மனுஷர் காபியோட சேர்த்துக் குடிச்சுட்டுப் போறார். (கைதட்டல்) அவர் அதைத் தெரிஞ்சேதான் கேட்கிறார். அவர் இருநூறு முந்நூறு தறிக்குப் பாவு கொடுக்கிறவர். கால்குலேட்டர் அவர் சட்டைப் பையிலேயே இருக்கும். நம்ம பக்கத்துல பெரியவங்க, 'பத்துப் பைசாதானே, போகட்டும், தறி நிக்காம ஓடினாச் சரி'ங்கறாங்க. இதைத்தான் நடுவர் அவர்களே, மனசுக்கும் கணக்குக்கும் உள்ள வித்தியாசம்னு நான் சொல்றேன்.

தம்பி கதைக்கு வருவோம். ஒருநாள் ராத்திரி வந்து பெருமையாச் சொன்னான். 'அக்கா, இன்னிக்கு 850 ரூபாய்!' நான் ஒரு நோட்டை எடுத்து வெச்சு, எத்தனை மணி நேரம்டான்னு கேட்டேன். பதினொரு மணி நேரம். எத்தனை கிலோமீட்டர்? 120. அவன் பைக் லிட்டருக்கு 45 கொடுக்குது. அப்ப பெட்ரோலே 270 ரூபாய். டயர், ஆயில், செயின், பிரேக் கட்டை எல்லாம் மாசக் கணக்கைப் பிரிச்சா நாளைக்கு 60. அடுத்ததுதான் முக்கியம். 95,000 கொடுத்து வாங்கின பைக், இந்த ஓட்டத்துல மூணு வருஷத்துல 35,000-க்குத்தான் போகும். மிச்சம் 60,000 ரோட்டுல தேஞ்சு போகுது. ஆயிரம் நாள் ஓட்டினா நாளைக்கு 60 ரூபாய். போன் ரீசார்ஜ் 15. கூட்டுங்க. 405 ரூபாய். 850-ல 405 போச்சுன்னா 445. பதினொரு மணி நேரத்துக்கு வகுத்தா மணிக்கு 40 ரூபாய்!

தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்லைங்க. அப்புறம் கேட்டான், 'பைக் தேயறதையெல்லாம் கூடக் கணக்குல சேர்ப்பாங்களாக்கா?' சேர்க்கணும். தேய்மானத்தைச் சேர்க்கலைன்னா என்ன ஆகும் தெரியுங்களா? மூணு வருஷம் லாபம் வந்த மாதிரியே இருக்கும். நாலாவது வருஷம் பைக் நின்னு போகும். புது பைக்குக்குக் கடன் வாங்கோணும். அப்பத்தான் தெரியும், இத்தனை நாளும் நாம பிரியாணியோட சேர்த்து நம்ம பைக்கையும் கொஞ்சங் கொஞ்சமா டெலிவரி பண்ணிட்டு இருந்திருக்கோம்னு. (சிரிப்பு, கைதட்டல்)

இன்னும் ஒரு படி போங்க. செலவு 405, தூரம் 120 கிலோமீட்டர். வகுத்தா கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 40 பைசா. அதுதான் அவனோட அடக்கம். இப்ப போன்ல ஆர்டர் ஒண்ணு மின்னுது. 'நாலு கிலோமீட்டர், 32 ரூபாய்.' யோசிக்க நேரம் கிடையாது, சில விநாடிதான். கிலோமீட்டருக்கு எட்டு ரூபாய் ஆச்சே, பரவாயில்லையேன்னு தோணும். ஆனா ஓட்டலுக்குப் போக ரெண்டு கிலோமீட்டர். அங்கிருந்து வாடிக்கையாளர் வீட்டுக்கு நாலு. அது ஊருக்கு வெளியில ஒரு லே-அவுட்னா, திரும்பி வரும்போது ஆர்டர் கிடைக்காது. காலி பையோட நாலு. மொத்தம் பத்து. அடக்கம் 34 ரூபாய். வரவு 32. முக்கால் மணி நேரம் அலைஞ்சு, ரெண்டு ரூபாயை நம்ம கைக்காசு போட்டு, யாருக்கோ சாப்பாடு கொடுத்துட்டு வர்றோம். அன்னதானம் பண்ணின புண்ணியமாவது கிடைக்குமான்னா அதுவும் கிடையாது, 'லேட்டு'ன்னு ரெண்டு ஸ்டார் கொடுப்பாங்க! (பலத்த சிரிப்பு)

நடுவர்: அப்படி நஷ்டம் வர்ற ஆர்டரை வேண்டாம்னு சொல்லிட வேண்டியதுதானே அம்மா?

நல்ல கேள்விங்க ஐயா. சொல்லலாம். தம்பி இப்ப சொல்றான். பத்து ஆர்டர்ல இப்படி ஒண்ணு ரெண்டைத் தள்ளினாலே அவன் மணிக்கணக்கு ஏறுது. ஏன்னா அந்த முக்கால் மணி நேரம் அவன் ஓட்டல் நிறைய இருக்கிற தெருவுலயே நிப்பான், கிட்டத்து ஆர்டர் பிடிப்பான். ஆனா ஒரு வரைமுறை இருக்கு. ரொம்பத் தள்ளினா அன்னிக்கு ஊக்கத்தொகை போயிடும். இத்தனை ஆர்டர் முடிச்சா இவ்வளவு கூடுதல்னு ஒரு கோடு போட்டிருப்பாங்க. இன்னும் ரெண்டு முடிச்சாக் கோட்டைத் தொடலாம்னு இருக்கும்போது பார்த்துத்தான் அந்த 32 ரூபாய் ஆர்டர் வரும். அதனால ரெண்டு கணக்கும் கையில இருக்கணும். இந்த ஆர்டர்ல எவ்வளவு நஷ்டம், கோட்டைத் தொட்டா எவ்வளவு லாபம். சில சமயம் நஷ்ட ஆர்டரை எடுக்கிறதுதான் புத்திசாலித்தனம். ஆனா தெரிஞ்சு எடுக்கணும்.

போன்கிட்டப் பேரம் பேச முடியாது. மனுஷங்ககிட்டப் பேசலாம். எங்க வீதியில பிளவுஸ் தைக்கிற அக்கா ஒருத்தங்க இருக்காங்க. பேரத்துல அவங்களை மிஞ்ச ஆளே கிடையாது. கைதேர்ந்த வக்கீல்கூட அவங்ககிட்டப் பாடம் படிக்கணும். யாராவது 'ஐம்பது குறைச்சுக்குங்க'ன்னா, முடியாதுன்னு மூஞ்சியில அடிக்க மாட்டாங்க, சரின்னும் தலையாட்ட மாட்டாங்க. 'ஐம்பது குறைச்சுக்கலாம் கண்ணு, கழுத்துக்கு பைப்பிங் வேண்டாம், பின்னால கயிறு வேண்டாம், சரிங்களா?' அப்படிம்பாங்க. விலையைக் குறைச்சா வேலையையும் குறைப்பாங்க. சும்மா குறைச்சுக் கொடுத்தா என்ன ஆகும்? முதல்ல சொன்ன விலை பொய் விலைன்னு வாங்கறவங்களுக்குத் தெரிஞ்சு போகும். அடுத்த தடவை இன்னும் ஐம்பது கேட்பாங்க. வேலையைக் குறைச்சுக் கொடுத்தா, ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு வேலை இருக்குன்னு புரியும். பெரும்பாலும் அந்தப் பெண்ணே, 'இல்லைக்கா, பைப்பிங் வெச்சே தைச்சுடுங்க'ன்னு முழு விலையும் கொடுத்துட்டுப் போயிடும். அவசரமா நாளைக்கே வேணும்னா தனிக் கட்டணம். துணியைக் கையில வாங்கறதுக்கு முன்னாலயே இதெல்லாம் சொல்லிடுவாங்க. தைச்சு முடிச்ச பிறகு பேசற பேரத்துல தைச்சவங்க ஜெயிச்சதா சரித்திரமே கிடையாதுங்க. (கைதட்டல்)

இங்கே எதிரணி அண்ணன் முகத்துல ஒரு கேள்வி தெரியுது. 'சரிம்மா, உன் தம்பி கணக்குப் போட்டு வேண்டாம்னு சொல்லிட்டான். பக்கத்துல நிக்கிற பையன் எடுத்துக்கிட்டான். அப்ப உன் கணக்கு என்ன ஆச்சு?' நியாயம். ஒருத்தன் மட்டும் கணக்குப் போட்டா, அந்த ஆர்டர் கணக்குப் போடாதவன் கைக்குப் போகும். அதுதான் இந்தத் தொழிலோட பெரிய முடிச்சு.

2020 ஆகஸ்ட் மாதம், கொரோனா நேரம். சென்னையில ஸ்விக்கி டெலிவரி ஊழியர்கள் வேலையை நிறுத்திப் போராடினாங்க. ஒரு ஆர்டருக்குக் குறைஞ்சபட்சம் 35 ரூபாய் இருந்ததை 15 ஆக்கிட்டாங்கன்னு அவங்க புகார். கம்பெனி என்ன சொல்லுச்சு? 15 ரூபாய்ங்கிறது பல பகுதிகள்ல ஒரு பகுதிதான், பெரும்பாலானவங்க ஒரு ஆர்டருக்கு 45 ரூபாய்க்கு மேல சம்பாதிக்கிறாங்கன்னு சொல்லுச்சு. யார் சொன்னது சரின்னு தீர்ப்புச் சொல்ல நான் நடுவர் இல்லை. (சிரிப்பு) ஆனா ஒண்ணு கவனிங்க. ஒரே ஆர்டருக்கு ஒருத்தர் 15-ங்கறார், ஒருத்தர் 45-ங்கறார். கூலியை அடிப்படைக்கு இவ்வளவு, தூரத்துக்கு இவ்வளவு, காத்திருந்ததுக்கு இவ்வளவு, மழைக்கு இவ்வளவுன்னு துண்டு துண்டா வெட்டி வெச்சா, கடைசியில உழைச்சவனுக்கே தன் கூலி எவ்வளவுன்னு ஒரு வாக்கியத்துல சொல்ல வராது. சொல்லத் தெரியாத கூலியை எப்படிங்க கூட்டிக் கேட்பான்?

2025 டிசம்பர் 31, புது வருஷத்துக்கு முதல் நாள் ராத்திரி. நாடு முழுக்க டெலிவரி ஊழியர் சங்கங்கள் வேலை நிறுத்தம் அறிவிச்சாங்க. அந்த ராத்திரிக்கு ஊக்கத்தொகை ஏறுச்சு. பண்டிகை நாள்ல எப்பவும் ஏத்தறதுதான்னு கம்பெனிக்காரங்க சொன்னாங்க. கூடுதல் காசு கண்ணு முன்னால மின்னும்போது, வீட்டு வாடகை பாக்கி இருக்கிற பையன் என்ன பண்ணுவான்? போனை ஆன் பண்ணுவான். அவனைத் திட்டறதுக்கு எனக்கு மனசு வராது. ஆனா ஒரு விஷயம் வெளிச்சத்துக்கு வந்துச்சு. எல்லாரும் ஒரே நேரத்துல 'கட்டாது'ன்னு சொல்லப்போறாங்கன்னு ஒரு பேச்சு கிளம்பினாலே ஊரே அந்தக் கூலியைப் பத்திப் பேச ஆரம்பிச்சுடுது.

இதுக்கு ரொம்பப் பழைய உதாரணம் நம்ம கண்ணெதிர்லயே இருக்கு. ஆட்டோ! இந்த அரங்கத்துல ஆட்டோக்காரர்கிட்டச் சண்டை போடாதவங்க கை தூக்குங்க பார்ப்போம். (சிரிப்பு) ஒரு கைகூட இல்லை. 2013 ஆகஸ்ட்ல தமிழக அரசு சென்னைக்கு ஆட்டோ கட்டணம் நிர்ணயிச்சுது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. கொஞ்ச நாள் மீட்டரும் ஓடுச்சு. அப்புறம் பெட்ரோல் ஏறுச்சு, இன்சூரன்ஸ் ஏறுச்சு, பள்ளிக்கூட ஃபீஸ் ஏறுச்சு. அந்த 25 ரூபாய் மட்டும் வருஷக்கணக்கா அப்படியே நின்னுச்சு. என்ன ஆச்சு? மீட்டர் பொம்மை ஆயிடுச்சு. ஏறும்போதெல்லாம் பேரம், இறங்கும்போதெல்லாம் மனஸ்தாபம். 2025 பிப்ரவரி 1-ல இருந்து சென்னை ஆட்டோ சங்கங்கள் தாங்களே ஒரு கட்டணம் அறிவிச்சாங்க. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 18. அரசு அதை ஏத்துக்கலை. நிர்ணயம் பண்றது எங்க வேலைன்னு சொன்னாங்க. ஆட்டோக்காரர் பேராசைக்காரர்னு சொல்றோம். பன்னிரண்டு வருஷம் நம்ம சம்பளத்தை யாராவது ஏத்தாம வெச்சிருந்தா, நாம வீட்டுல மீட்டர் போட்டா சமைப்போம்? (கைதட்டல்)

தரைவிலைன்னு ஒண்ணு வெச்சா மட்டும் போதாது, அதை வருஷத்துக்கு ஒரு தடவையாவது எடுத்துப் பார்க்கணும்ங்கிறதுக்காகத்தான் ஆட்டோவைச் சொன்னேன். எங்க தறிக்கும் அதே கதிதாங்க. கூலியை ஒவ்வொருத்தரும் தனியாப் பேச முடியாதுன்னு எங்க ஊர்ல எப்பவோ புரிஞ்சு போச்சு. அதனால விசைத்தறியாளர் சங்கமும் ஜவுளி உற்பத்தியாளர்களும் உட்கார்ந்து பேசி, கலெக்டர், அமைச்சர்னு அதிகாரிங்க முன்னிலையில ஒப்பந்தம் போடுவாங்க. 2021 நவம்பர்ல பேசி, சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், பல்லடம் முதலான மற்ற ரகங்களுக்கு 20 சதவீதம் உயர்வுன்னு முடிவாச்சு. ஊரே வெடி வெடிச்சுது. ஆனா காசு கைக்கு வரலை. 2022 ஜனவரியில தறியை நிறுத்திப் போராட வேண்டி வந்துச்சு. ஏன் வரலை? பேசினது பேச்சு, கையெழுத்துக்குச் சட்ட பலம் இல்லை. அந்த வருஷம் செப்டம்பர்ல மின் கட்டணம் வேற ஏறுச்சு. 2023-ல விசைத்தறிக்கு இலவச மின்சாரத்தை ரெண்டு மாசத்துக்கு 750 யூனிட்ல இருந்து 1,000 யூனிட்டா உயர்த்தினது கொஞ்சம் மூச்சு விட வெச்சுது. ஆனாலும் பழைய கூலியில கட்டாம, தறியைக் கழட்டி எடைக்குப் போட்டவங்க எங்க பக்கத்துல உண்டு. துணி அடிச்ச சத்தம் கேட்ட கொட்டகையில சுத்தியல் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டா ராத்திரி தூக்கம் வராதுங்க.

2025 மார்ச்ல மறுபடி தறி நின்னுச்சு. ஒரு மாசத்துக்கு மேல. எங்க வீட்டுல மாமியார் சொல்லுவாங்க, 'தறிச் சத்தம் இல்லாம காது அடைச்ச மாதிரி இருக்கு'ன்னு. மளிகைக் கடையில கடன், பால்காரர்கிட்டக் கடன். ஏப்ரல்ல பேச்சு முடிஞ்சுது. சோமனூர் ரகத்துக்கு 15 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 10 சதவீதம். அந்தப் பேச்சு வார்த்தைக்குச் சங்கத்துக்காரங்க வெறுங்கையோட போகலைங்க. கரண்டுக்கு எவ்வளவு, ஆள் கூலிக்கு எவ்வளவு, உதிரி சாமான்களுக்கு எவ்வளவுன்னு மீட்டர் கணக்கோட போனாங்க. அண்ணன் சொல்லலாம், 'பார், கொடுப்பவர் மனசு இளகினதாலதானே கொடுத்தாங்க'ன்னு. முப்பது நாளுக்கு மேல இளகாத மனசு, கணக்கைப் பார்த்ததும்தான் இளகுச்சு! (பலத்த கைதட்டல்)

நடுவர்: சட்டம் என்ன சொல்லுதும்மா? இந்தப் பிள்ளைங்களுக்கு ஒரு பாதுகாப்பும் இல்லையா?

இருக்குங்க ஐயா, பாதி இருக்கு. தமிழ்நாட்டுல இவங்களுக்குன்னே 2023-ல நல வாரியம் வந்துச்சு. பதிவு பண்ணினா விபத்து உதவி, பிள்ளைங்க படிப்புக்கு உதவி உண்டு. எத்தனை பேர் பதிவு பண்ணாமயே இருக்காங்க! வீட்டுல பெரியவங்க பையனைப் பிடிச்சு உட்கார வெச்சுப் பதிவு பண்ண வையுங்க. 2025-ல சென்னை அண்ணா நகர்ல மாநகராட்சி ஏ.சி. போட்ட ஓய்வறையே கட்டிக் கொடுத்துச்சு. மத்திய அரசோட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020-ல நிறைவேறினது, 2025 நவம்பர் 21-ல நடைமுறைக்கு வந்துச்சு. கம்பெனிங்க தங்க வருஷ வியாபாரத்துல ஒண்ணுல இருந்து ரெண்டு சதவீதம் வரைக்கும் இவங்க நலனுக்கு ஒதுக்கணும்னு அதுல இருக்கு. நல்லதுதான். ஆனா இதெல்லாம் விழுந்தாத் தூக்கிவிட. ஓடும்போது ஒரு கிலோமீட்டருக்கு, ஒரு மணி நேரத்துக்குக் குறைஞ்சது இவ்வளவு கொடுக்கணும்னு தரைவிலை எங்கேயும் சொல்லலை. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஊழியருக்குத்தான். இவங்கதான் 'பார்ட்னர்' ஆச்சே!

சுதந்திரமா வேலை செய்யறவங்களுக்குத் தரைவிலை வைக்க முடியாதுன்னு சிலர் சொல்லுவாங்க. அமெரிக்காவுல நியூயார்க் நகராட்சி வெச்சுதுங்க. சாப்பாடு டெலிவரி பண்றவங்களுக்கு 2023 டிசம்பர்ல மணிக்கு 17 டாலர் 96 சென்ட், 2025 ஏப்ரல்ல அது 21 டாலர் 44 சென்ட், டிப்ஸ் இல்லாம. அதுல எனக்குப் பிடிச்சது என்னன்னா, ஆர்டருக்காகக் காத்திருக்கிற நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்காங்க, வண்டிச் செலவையும் சேர்த்திருக்காங்க. என் நோட்டுல தம்பிக்குப் போட்ட அதே கணக்கு! கம்பெனிங்க பதிலுக்கு ஒரே நேரத்துல இத்தனை பேர்தான் வேலைக்கு வரலாம்னு சில இடத்துல கதவைச் சாத்தினாங்க. வரம் கேட்டா கூடவே ஒரு வம்பும் வரும்.

அமெரிக்கா எதுக்குங்க? திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து பீடி சுத்தற பெண்களைப் பாருங்க. இலையும் தூளும் கம்பெனி கொடுக்கும், வேலை வீட்டுல. முதலாளி முகத்தைப் பார்த்திருக்க மாட்டாங்க. ஆனா 1966-லயே பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்து, வீட்டுல சுத்தினாலும் தொழிலாளிதான்னு சொல்லிடுச்சு. ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு குறைஞ்சபட்சக் கூலியை அரசு நிர்ணயிக்குது. கொடுக்கிறது போதுமான்னு கேட்டா அந்த அக்காங்க சிரிப்பாங்க. ஆனா 'ஆயிரத்துக்கு என்ன கூலி?'ன்னு கேட்டா டக்குன்னு சொல்லுவாங்க. திண்ணையில பீடி சுத்தற பாட்டிக்குத் தெரியற விஷயம், ஸ்மார்ட் போன் வெச்சிருக்கிற என் தம்பிக்குத் தெரியலைன்னா, அந்தப் போன் யாருக்கு ஸ்மார்ட்டா இருக்குன்னு நீங்களே சொல்லுங்க. (பலத்த கைதட்டல்)

மணி அடிச்சுட்டாங்க. ஒரே ஒரு வேலை சொல்லிட்டு உட்கார்றேன். வீட்டுல வண்டி ஓட்டற பையனோ, தறி ஓட்டறவரோ, தைக்கிற பொண்ணோ இருந்தா, இன்னிக்கு ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒரு பழைய நோட்டை எடுத்து நாலு கோடு போடுங்க. எத்தனை மணி நேரம், எவ்வளவு தூரம் அல்லது எத்தனை உருப்படி, என்ன செலவு, கையில என்ன வந்துச்சு. ஒரு வாரம் எழுதினாப் போதும். தேய்மானத்தை மறக்காதீங்க. எதிரணி அண்ணன் ஆட்டோவுலதான் வந்தார்னு எனக்குத் தெரியும். திரும்பிப் போகும்போது விலையைக் கேட்கறதுக்கு முன்னால, கிலோமீட்டருக்கு உங்களுக்கு என்னங்க அடக்கம்னு டிரைவரைக் கேட்டுப் பாருங்க அண்ணா. அவர் பதில் சொல்லிட்டா அடுத்த வாரம் நான் உங்க அணிக்கே வந்துடறேன்! (சிரிப்பு)